வாழ்த்து அட்டைப் பின்னணி வண்ணம்: எங்கே கெடுகிறது, எப்படிச் சரிசெய்வது

வாழ்த்து அட்டையின் பின்னணி கெட்டுப்போனால் பழி பெயின்ட் மேல்தான் விழும். உட்கார்ந்து பார்த்தால் பாதிக்கு மேல் தண்ணீர் செய்த வேலையாக இருக்கும்: அளவு கூடியிருக்கும், இல்லையென்றால் நேரம் தப்பியிருக்கும். அதனால் கோளாறுகளுக்குள் போகும் முன் தாளின் ஈரத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்வது நல்லது.

நிறம் பூசிய தாளை ஜன்னல் வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் தேங்கி, சாய்த்த பக்கம் ஓடினால் முதல் நிலை. ஓட்டம் நின்று பரப்பு முழுக்கப் பளபளத்தால் இரண்டாம் நிலை. பளபளப்பு மங்கிவிட்டது, ஆனால் புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கிறது என்றால் மூன்றாம் நிலை. பார்வைக்குக் காய்ந்த தாளாகவே தெரியும் இந்த மூன்றாம் நிலையில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சில்லிப்பும் போன பிறகே தாள் காய்ந்ததாகக் கணக்கு. கீழே எல்லா இடத்திலும் இந்த நிலைகளைச் சொல்லியே பேசுகிறோம்.

இன்னொன்று, அட்டையின் மேலேயே நேரடியாக வண்ணம் தீட்ட வேண்டாம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) வாட்டர் கலர் தாள் ஏ4 அளவில் ஒன்றை எடுத்து, பரீட்சை அட்டையில் நான்கு பக்கமும் 1 செ.மீ. மறையும்படி மாஸ்கிங் டேப் ஒட்டி, முழுத் தாளிலும் பின்னணியைப் போடுங்கள். காய்ந்ததும் 95 × 138 மி.மீ. அளவில் நான்கு துண்டு கிடைக்கும். ஏ5 அட்டையை இரண்டாக மடித்தால் முகப்பு 105 × 148 மி.மீ.; அதன் மேல் இந்தத் துண்டை ஒட்டினால் சுற்றிலும் 5 மி.மீ. வெள்ளைக் கரை நிற்கும். ஒரு மூலை கெட்டாலும் மற்ற மூன்று தப்பும். முழுத் தாளும் திருப்தியாக இல்லையென்றால் பழைய அட்டையில் 95 × 138 அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி, தாள் மேல் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். நன்றாக வந்த இடம் எங்கேயாவது இருக்கும்.

தாள் வளைகிறது, அலை அலையாக எழும்புகிறது

ஈரம் பட்ட பக்கத்து நார் உப்புகிறது, அடிப்பக்கம் அப்படியே இருக்கிறது. வளைவு அதனால் வருகிறது. சாதாரண சார்ட் பேப்பரில் இதைத் தடுக்க வழியில்லை, அந்தத் தாளில் ஸ்பாஞ்ச் வேலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 300 ஜிஎஸ்எம்மிலும் வளைந்தால் நாலு பக்கமும் டேப் ஒட்டாததுதான் காரணமாக இருக்கும். இரண்டு பக்கம் மட்டும் ஒட்டினால் ஒட்டாத பக்கம் தூக்கிக்கொண்டு நடுவில் குளம் கட்டும், நிறமெல்லாம் அங்கே போய்த் தேங்கும்.

வளைந்து காய்ந்துவிட்ட தாளைக் குப்புறப் போட்டு, பின்பக்கத்தில் சுத்தமான ஸ்பாஞ்சால் ஈரம் ஒற்றுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, மூன்றாம் நிலைக்கு வரும் அளவு போதும். மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, தடித்த புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு விடுங்கள். செய்தித்தாள் வைத்தால் மை ஏறிவிடும். அக்ரிலிக் தடிமனாகப் பூசிய தாள் இந்த வைத்தியத்துக்குச் சரிப்படாது. அழுத்தத்தில் இளகி பட்டர் பேப்பரோடு ஒட்டும்.

நிறங்கள் கலந்து சேறாகிவிட்டன

மஞ்சளும் ஊதாவும், சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும் ஈரத்தில் சந்தித்தால் பழுப்புதான். பொங்கல் அட்டைக்குக் கரும்புப் பச்சையும் குங்குமச் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஆசை வரும், அங்கேதான் சேறு கிளம்பும். இரண்டுக்கும் நடுவில் மஞ்சளை ஒரு பட்டையாக விடுங்கள். சிவப்பு மஞ்சளைத் தொட்டு ஆரஞ்சாகும், பச்சை மஞ்சளைத் தொட்டு இளம்பச்சையாகும், சண்டை இல்லை. மஞ்சள் பட்டை 4 செ.மீ.யாவது இருக்கட்டும். குறுகலாக விட்டால் இரண்டு பக்கத்து ஓட்டமும் நடுவில் சேர்ந்துவிடும்.

ஓர் ஈரத்தில் மூன்று நிறத்துக்கு மேல் போகாதீர்கள். நாலாவது நிறம் வேண்டுமென்றால் முதல் மூன்றும் முழுக்கக் காய்ந்த பிறகு. பிரஷ் அலச இரண்டு டம்ளர் வையுங்கள், ஒன்றில் அழுக்கைக் கழுவ, இன்னொன்றிலிருந்து நல்ல தண்ணீர் எடுக்க. ஒரே டம்ளரை வைத்து ஓட்டினால் மூன்றாவது நிறம் போடுவதற்குள் தண்ணீரே பழுப்பாகியிருக்கும்; பிறகு எந்த நிறத்தைக் கலந்தாலும் அழுக்காகத்தான் வரும். சந்திக்கும் இடத்தில் பிரஷை மறுபடி மறுபடி ஓட்டுவது அடுத்த தவறு. தாளைச் சாய்த்து நிறத்தைத் தானாக ஓட விடுங்கள். கை சும்மா இருப்பது கடினம்தான், ஆனால் பின்னணி வேலையில் பாதித் திறமை அதில் இருக்கிறது.

சேறு முதல் நிலையிலேயே கண்ணில் பட்டால் டிஷ்யூவை மேலிருந்து ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். காய்ந்த பிறகு பார்த்தால் அதன் மேல் கருநீலம் ஒரு பூச்சுக் கொடுத்து, பழைய டூத் பிரஷில் வெள்ளைப் போஸ்டர் கலர் தொட்டு விரலால் தெறிக்க விடுங்கள். தீபாவளி அட்டைக்கு இரவு வானம் கிடைத்துவிடும். அடியில் இருந்த பழுப்பு அங்கங்கே தெரிந்தால் இன்னும் நன்றாகவே இருக்கும்.

காய்ந்ததும் கோடு கோடாக விளிம்பு, நடுவில் பூப்பூவாகக் கறை

மூன்றாம் நிலையில் இருக்கும் தாளில் ஈரப் பிரஷை வைத்தால் புதுத் தண்ணீர் விரிந்து, அங்கிருந்த நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் விளிம்பில் குவிக்கும். பூ மாதிரியான கறை அப்படி விழுகிறது. ஒரு சின்ன வெள்ளை இடத்தை ‘சரி’ செய்யப் போய்த்தான் பெரும்பாலும் இது நடக்கும். பளபளப்பு மங்கிவிட்டால் கையை எடுத்துவிடுங்கள்.

மதுரையில் சித்திரை, வைகாசி வெயிலில் இது இரட்டிப்பாகும். மதியம் ஃபேனுக்கு அடியில் ஏ4 தாளின் மேல்பாதியை முடித்துக் கீழ்ப்பாதிக்கு வருவதற்குள் மேல்பாதி மூன்றாம் நிலையைத் தாண்டிவிடும். இரண்டும் சேரும் இடத்தில் கோடு விழும். தீட்டும்போது ஃபேனை நிறுத்துங்கள், இரண்டாம் நிலை முடிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். வேலையைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நிறம் வைக்கும் முன் தாள் முழுக்க வெறும் தண்ணீர் பூசி, ஐந்து நிமிடம் ஊற விட்டு, இன்னொரு முறை பூசுங்கள். அப்படி ஊறிய தாள் கூடுதல் நேரம் தாங்கும். 2 டீஸ்பூன் கரைசலுக்கு ஒரு சொட்டு கிளிசரின் சேர்த்தாலும் காய்வது தாமதமாகும். ஒன்று நாலானால் அட்டை பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும்.

கரைசலை முதலிலேயே போதுமான அளவு கலந்துவிடுங்கள். ஏ4 தாள் முழுக்க ஒரே நிறம் என்றால் 3 டீஸ்பூன் கையில் இருக்கட்டும். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வராது, அதற்குள் விளிம்பும் காய்ந்திருக்கும்.

விழுந்த கறையை மென்மையாக்க, தாள் முழுக்கக் காய்ந்த பின் அகலப் பிரஷால் மேலிருந்து கீழாக ஒரே வீச்சில் தண்ணீர் பூசி இரண்டாம் நிலைக்குக் கொண்டுவந்து, கைவைக்காமல் காய விடுங்கள். வாட்டர் கலரும் போஸ்டர் கலரும் இதற்கு இளகும். அக்ரிலிக் காய்ந்தால் காய்ந்ததுதான்.

கறை வெள்ளையாக, பொடி பூத்ததுபோல் இருந்தால் விஷயம் வேறு. அடர் நிறங்களில்தான் அது கண்ணில் படும். நீங்கள் புழங்கும் போர் தண்ணீரை ஒரு ஸ்பூன் எவர்சில்வர் தட்டில் விட்டுக் காய வையுங்கள். வெள்ளை வளையம் படிந்தால் அதே உப்பு அட்டையிலும் படிகிறது. வண்ணம் கலக்கவும் தாளை நனைக்கவும் கேன் தண்ணீர் எடுங்கள், பிரஷ் கழுவப் போர் தண்ணீர் போதும்.

ஓர் இடத்தில் மட்டும் நிறம் ஏறவே இல்லை

எண்ணெய்க் கை. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு, அல்லது சமையல் முடித்துவிட்டுத் தாளைத் தொட்டிருப்பீர்கள். விரல் பட்ட இடம் தண்ணீரைத் தள்ளும். இதற்கு மருந்து கிடையாது. அந்த இடத்தில் பூவையோ எழுத்தையோ வைத்து மறைக்க வேண்டியதுதான்.

தாளின் மேற்பரப்பு உரிந்து திரிதிரியாக வருகிறது

தாளின் மேல் பசைப் பூச்சு ஒன்று உண்டு, ஈரத்தை உடனே உறிஞ்சாமல் நிறுத்திவைப்பது அதுதான். ஈரத்தில் தேய்க்கத் தேய்க்க அது கரைந்து நார் எழும்பும். எழும்பிய இடத்தில் நிறம் அடர்ந்து திட்டாகத் தெரியும். நிறுத்திவிட்டுக் காய விடுங்கள்; காய்ந்ததும் நார்களை நகத்தால் நீவி, ஸ்பூனின் பின்பக்கத்தால் பட்டர் பேப்பர் வைத்து அழுத்தித் தேயுங்கள். ஓரளவு அமுங்கும். அச்சகங்களில் வெட்டி மிஞ்சும் ஐவரி அட்டை மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் வாட்டர் கலர் போட்டால் இந்தத் தொல்லை நிச்சயம். ஐவரியை அடி அட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு தூவினேன், பூ விழவில்லை

உப்புக்கல் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை இழுக்கும், நிறம் நகர்ந்து கல்லைச் சுற்றி வெளிர் நட்சத்திரம் விழும். முதல் நிலையில் தூவினால் கல் கரைந்து போகும். மூன்றாம் நிலையில் தூவினால் ஒன்றும் நடக்காது. இரண்டாம் நிலை முடியப்போகும் நேரம், பளபளப்பு ஓரத்தில் மங்கத் தொடங்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் சரி. தூள் உப்பு பொடிப் புள்ளியாகவும் கல் உப்பு பெரிய பூவாகவும் கொடுக்கும். ஏ4 தாளுக்குக் கல் உப்பு 20, 25 கல் போதும், கை நிறைய அள்ளிப் போட்டால் பூக்கள் ஒன்றோடொன்று மோதி வெறும் வெளிறலாகிவிடும்.

ஹேர் டிரையர் காட்டாதீர்கள், உப்பு வேலை செய்ய அவகாசம் வேண்டும். போஸ்டர் கலரும் அக்ரிலிக்கும் இதற்கு லாயக்கில்லை, வாட்டர் கலர்தான், அதுவும் நீலம், ஊதா, பச்சை அடர்த்தியாக வைத்தால் பூ எடுப்பாகத் தெரியும். முழுக்கக் காய்ந்ததும் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டி, உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். மிச்சம் ஒரு கல் ஒட்டியிருந்தாலும் ஐப்பசி மழையில் அது கசிந்து, உறைக்குள்ளேயே அட்டை ஈரமாகும்.

சுங்குடிப் புள்ளி வைத்தேன், தெளிவாக இல்லை

மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியை நூலால் முடிந்து சாயத்தில் முக்கினால் முடிச்சு இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். சாயம் போகக் கூடாத இடத்தை முன்பே அடைத்துவைப்பதுதான் நுட்பம். அதையே தாளில் செய்ய இரண்டு வழி.

முதல் வழி மெழுகு. வெள்ளைக் கிரேயானையோ மெழுகுவத்தியையோ கூராகச் சீவி, தாளைக் கடினமான பலகையில் வைத்து அழுத்திப் புள்ளி வையுங்கள். டேப்பின் மேல் 1 செ.மீ.க்கு ஒரு கோடு குறித்து, ஸ்கேலைக் குறுக்கே வைத்து வரிசை பிடியுங்கள். தாளில் பென்சிலால் குறிக்கக் கூடாது, மெழுகுக்கு அடியில் மாட்டிய பென்சிலை அழிக்க முடியாது. வைத்த புள்ளி தெரியவில்லையென்றால் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள், பளபளக்கும். மேலே பூசும் நிறம் நீர்த்திருக்க வேண்டும். கெட்டியான போஸ்டர் கலர் மெழுகின் மேலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும், புள்ளி மங்கிப்போகும். தாள் லேசாக ஈரமாக இருந்தாலும் மெழுகு பிடிக்காது.

இரண்டாவது வழி மாஸ்கிங் ஃப்ளூயிட், காய்ந்ததும் ரப்பர்போல் உரிந்து வரும் திரவம். இதில் புள்ளி கூர்மையாக வரும். தீக்குச்சியின் பின்முனையால் தொட்டு வையுங்கள்; பிரஷ்தான் வேண்டுமென்றால் முதலில் சோப்பில் முக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிரஷ் போயிற்று. தானாகக் காயட்டும். டிரையர் சூட்டிலோ வெயிலிலோ காய வைத்தால் தாளோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது தாளையும் பிய்த்துவரும். மேலே அரக்கு நிறமோ மைநீலமோ ஒரே பூச்சாகக் கொடுத்து, சில்லிப்பு போன பிறகு விரலால் உருட்டி எடுங்கள். அன்றே எடுத்துவிடுவது நல்லது. வெள்ளை ஃபெவிகால் இதற்கு மாற்றாகாது, காய்ந்தபின் உரிந்து வராது.

புள்ளிகள் துல்லியமாக ஒரே அளவில் இல்லையே என்று வருந்த வேண்டாம். கையால் முடிந்த சுங்குடியிலும் புள்ளிக்குப் புள்ளி கொஞ்சம் மாறத்தான் செய்யும். அச்சுப் பிசகாத ஒரே சீர் வேண்டுமென்றால் சிவகாசி ஆஃப்செட் பக்கத்தில்தான் இருக்கிறது.

டேப்பை எடுத்தால் தாளும் கிழிகிறது

செல்லோ டேப், பழுப்புப் பார்சல் டேப் இரண்டும் வேண்டாம். மாஸ்கிங் டேப்பையும் ஒட்டும் முன் சட்டையில் ஒருமுறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறையுங்கள். தாள் முழுக்கக் காய்ந்தபின், வண்ணத்துக்கு எதிர்ப்பக்கமாக, தாளோடு படிந்தாற்போல் மடக்கி மெதுவாக இழுக்க வேண்டும். வரவில்லையென்றால் டிரையரை அரை நிமிடம் காட்டினால் பசை இளகும். டேப்புக்கு அடியில் நிறம் கசிகிறதென்றால் ஒட்டியபின் ஓரத்தை நகத்தால் நீவாததே காரணம்.

ஸ்பாஞ்சில் திட்டு, ஸ்டென்சிலுக்கு அடியில் கசிவு

இரண்டுக்கும் ஒரே காரணம், ஸ்பாஞ்சில் சரக்கு அதிகம். தொட்டதும் நேராக அட்டைக்குப் போகாமல் வேறு தாளில் நாலைந்து முறை தட்டிக் கிட்டத்தட்டக் காய்ந்த ஸ்பாஞ்சோடு வாருங்கள். இங்க் பேட் மையாக இருந்தால் தாளுக்கு வெளியிலிருந்து வட்டமாகத் தேய்த்துக்கொண்டே உள்ளே வர வேண்டும், முதல் அழுத்தம் விழும் இடம் அடர்ந்துவிடும். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போங்கள். பிளாஸ்டிக் கோல அச்சு நல்ல ஸ்டென்சில். துளை சிறியது என்பதால் தண்ணீர் விடாத அக்ரிலிக்கைச் செங்குத்தாகத் தட்டுங்கள். பக்கவாட்டில் தேய்த்தால் கசியும்.

மஞ்சளும் கேசரி பவுடரும் கோலப்பொடியும்

வீட்டில் இருப்பதை வைத்துச் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மஞ்சள்தூளை வெந்நீரில் கரைத்து வடிகட்டிப் பூசினால் அழகான நிறம் வரும், ஆனால் வெயில் படும் இடத்தில் அட்டையை வைத்தால் சீக்கிரமே வெளுத்துவிடும். சோப்புக் கை பட்டால் அந்த இடம் சிவக்கும். ஆரத்தியில் சுண்ணாம்பு சேர்த்ததும் மஞ்சள் சிவப்பது இதே வேதியியல்தான். வேண்டுமென்றே சுண்ணாம்புத் தெளிவைத் தொட்டுச் சிவப்புக் கோலம் போடலாம், குழந்தைகளுக்குப் பிடிக்கும். வைத்துப் பாதுகாக்கும் அட்டைக்கு ஆகாது. கேசரி பவுடரும் வெளிச்சத்தில் மங்கும், ஈரக் கை பட்டால் விரலில் ஏறும். கோலப்பொடி தண்ணீரில் கரையாது, பசை தடவித் தூவினாலும் உறையைப் பிரித்ததும் மடியில் கொட்டும். ஜிகினாவும் அப்படித்தான், தூவியபின் மேலே நீர்த்த ஃபெவிகால் ஒரு பூச்சுக் கொடுத்தால் ஓரளவு நிற்கும்.

கையில் நிறம் ஒட்டுகிறது, மடிப்பில் வெடிக்கிறது, அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன

போஸ்டர் கலரைக் குப்பியிலிருந்து அப்படியே பூசினால் காய்ந்ததும் சுண்ணாம்புபோல் உதிரும். ஒரு பங்கு நிறத்துக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டு இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். மடிப்பின் மேல் வண்ணமே வேண்டாம். அட்டை வெறுமனே வெடித்தால் நார் ஓட்டத்துக்குக் குறுக்கே மடித்திருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்து, எளிதாக வளையும் பக்கமாக மடியுங்கள், அதற்கு முன் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்துங்கள்.

அக்ரிலிக் காய்ந்த பிறகும் சூட்டிலும் அழுத்தத்திலும் இளகும். இரண்டு அட்டைகளை முகத்தோடு முகம் அடுக்கி வைத்தால் பிரிக்கும்போது நிறம் கழன்று வரும். நடுவில் பட்டர் பேப்பர் வைத்தால் தீர்ந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் முழுக்க ஆறவிட்டபின் பிளாஸ்டிக் கவரில் போடுங்கள்.

எழுத்து பதியவில்லை, ஒட்டும்போது மறுபடி வளைகிறது

மெழுகின் மேல் எந்தப் பேனாவும் எழுதாது. போஸ்டர் கலர் மேல் எழுதினால் பொடி ஏறி ஜெல் பேனா அடைத்துக்கொள்ளும். தீட்டும் முன்பே எழுத்துக்கு 80 × 25 மி.மீ. இடத்தை மாஸ்கிங் டேப்பால் மூடி வெள்ளையாக விட்டுவைப்பது சிறந்த வழி. ‘வாழ்த்துகள்’ என்று எழுதும்போது தடித்த மார்க்கரில் ‘ழ’வின் சுழியும் ‘ள்’ளின் வளைவும் அடைபட்டுவிடும், எழுத்து 8 மி.மீ. உயரம் என்றால் 1 மி.மீ. முனைக்கு மேல் வேண்டாம். வெட்டி மிஞ்சிய துண்டில் எழுதிப் பார்த்துவிட்டே அட்டைக்கு வாருங்கள்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் எடுத்தால் அதன் ஈரமே தாளை மறுபடி வளைக்கும். இரட்டைப் பக்க டேப்பை ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி நாலு பக்கமும், நடுவில் குறுக்காக ஒன்றும் ஒட்டுங்கள். தபாலில் அனுப்புவதாக இருந்தால் எடையையும் பாருங்கள்: 240 ஜிஎஸ்எம் ஏ5 அட்டை 7.5 கிராம், 300 ஜிஎஸ்எம் பின்னணித் துண்டு சுமார் 4 கிராம். தபாலின் முதல் எடை அடுக்கு 20 கிராம் என்பதால் உறைக்கும் டேப்புக்கும் 8 கிராம் மிச்சமிருக்கிறது. அட்டையையும் 300 ஜிஎஸ்எம்மில் வைத்து, கல்லும் மணியும் ஒட்டினால் அடுத்த அடுக்குக்கான ஸ்டாம்பு வேண்டும்.